எட்டாம் எண் கட்டில்

டீயை ஆற விடாதீர்கள், அம்மணி. சர்க்கரை அரைக் கரண்டிதான் போட்டிருக்கிறேன், வேண்டுமென்றால் சொல்லுங்கள். ரெஜினா சிஸ்டர் உங்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் லெவலில் எட்டுக் கட்டில், எட்டிலும் ஆள் இருக்கிறது, ஆனால் இன்று நான்கு மணிக்குள் ஒன்று காலியாகலாம், இருந்து பாருங்கள் என்று சொல்லியிருப்பார். காலியாகப் போவது எட்டாம் எண் கட்டில். அதில் இருப்பவர் எங்கள் வீட்டுக்காரர்.

பயப்படாதீர்கள், அவர் சாகக் கிடக்கவில்லை. நன்றாக இருக்கிறார். நன்றாக இருப்பதுதான் இப்போது சிக்கல்.

என் பேர் பாவாயி. இந்த இல்லத்துச் சமையல்கட்டில் வேலை. நான் வலியப் போய் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்துமூன்று வருஷம் சத்துணவு சமைத்தேன், ஹெட்மாஸ்டர் எதிரில் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கட்டில் கிடைத்தால் எனக்கு வருத்தம் இல்லை. விட்டுக்கொடுங்கள் என்று கேட்கவும் வரவில்லை, கேட்கத் தெரியாது. அது எப்படிக் காலியாகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டணம் அச்சடித்த தாள் கொடுத்திருப்பார்கள். இருந்தாலும் நான் சொல்கிறேன். முதல் லெவல் மாதம் பதினாறாயிரத்து ஐந்நூறு. பெரிய கூடம், பன்னிரண்டு பேருக்கு ஒரு ஆள், பகலில் கதவு திறந்தே இருக்கும். இரண்டாம் லெவல் இருபத்துமூவாயிரம். நான்கு பேருக்கு ஒரு ஆள். மூன்றாம் லெவல் முப்பத்தோராயிரம். இரவும் பகலும் கை எட்டும் தூரத்தில் ஆள், கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி, கதவுக்குத் தாழ்ப்பாள். யார் எந்த லெவல் என்பதைப் பணம் தீர்மானிப்பதில்லை. பத்துக் கேள்வி தீர்மானிக்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், இந்த நான்கு மாதத்திலும் முதல் செவ்வாய்க்கிழமை ஈரோட்டிலிருந்து டாக்டர் வருவார். ஏழும் அதற்கு மேலும் சரியாகச் சொன்னால் முதல் லெவல். நான்கிலிருந்து ஆறு வரை இரண்டாவது. நான்குக்குக் கீழே போனால்தான் மூன்றாவது. எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிட்டவரிடம் கேள்வி கிடையாது. பணம் இருக்கிறது, மூன்றாம் லெவலிலேயே வையுங்கள் என்று நீங்கள் கேட்டாலும் வைக்க மாட்டார்கள். இருப்பது எட்டுக் கட்டில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து, நடுவில் தடுப்பு.

இன்று செவ்வாய்க்கிழமை. டாக்டர் மாடியில் பெண்கள் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது முடிந்து கீழே வந்தால் எட்டாம் கட்டில்.

எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் பேரை நான் சொல்ல மாட்டேன். கட்டிலின் தலைமாட்டில் அட்டையில் எழுதியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூட நான் கார்டைத்தான் நீட்டுவேன். எங்கள் பக்கம் என் வயசுப் பெண்கள் யாரும் சொல்வதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். உங்கள் காலத்தில் அதெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும்.

அவருக்கு மறதி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. சாப்பிட்டதை மறந்தார், சாவி வைத்த இடத்தை மறந்தார், அதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இங்கே கொண்டுவந்து விட்டதற்குக் காரணம் வேறு. ஒரு சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குத் தெருமுனைக் கம்பத்தில் ஏறிவிட்டார். எழுபத்தொரு வயசில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு ஆள் உயரம். யாரோ தெருவில் கரண்ட் போய்விட்டது என்று பேசியது காதில் விழுந்திருக்கிறது. செக்‌ஷன் ஆபீசுக்குப் போன் செய்து லைனை நிறுத்தினார்கள். அவரிடம் வேலை பழகின ஒருவர் ஏணி போட்டு ஏறி, “லைன் சரியாயிருச்சுங்கண்ணா, எறங்குங்க” என்று சொன்ன பிறகுதான் இறங்கினார். இறங்கி வந்து என்னைப் பார்த்து, “அந்தக் கடைசி வூட்டுல கரண்ட் வந்துருச்சுங்களான்னு கேளுங்க” என்றார். கடைசி வீடு எங்கள் வீடு. என்னை எப்போதும் நீ, வா, போ என்பவர் அன்றைக்கு ‘ங்க’ போட்டுப் பேசினார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆகவே நான் தூங்கும்போது கம்பத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. போன வருஷம் ஜனவரியில் இங்கே சேர்த்தேன். அன்றைக்குப் பத்துக்கு எட்டு. முதல் லெவல்.

கணக்கைக் கேளுங்கள். அவருக்குப் பென்ஷன் இருபதாயிரத்து நானூறு. முதல் லெவலுக்குக் கட்டியது போக மூவாயிரத்துத் தொள்ளாயிரம். எனக்குச் சத்துணவுப் பென்ஷன் இரண்டாயிரம். இரண்டும் சேர்த்து ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்தில் நான் இருந்துவிடுவேன், இருந்தேன். ஏப்ரலில் ஏழுதான் வந்தது. பார்டர். இன்னும் ஒன்று குறைந்தால் இருபத்துமூவாயிரம். என் பென்ஷனையும் சேர்த்துக் கொடுத்தாலும் அறுநூறு ரூபாய் இடிக்கும், அதில் நான் ஒரு வேளைகூடச் சாப்பிட்டிருக்க மாட்டேன். வீட்டை விற்க வேண்டும். இரண்டு அறை வீடு, ஆனால் கடன் இல்லாத வீடு. விற்றுவிட்டு நான் எங்கே போய் இருப்பது?

ஆகவே சொல்லிக்கொடுத்தேன்.

கேள்வி கேட்கும்போது கூடவே உட்கார விடுவார்கள். டாக்டர் ஒவ்வொரு தடவையும் அதே பத்தைத்தான் கேட்கிறார், அதே வரிசையில். அவர் மேல் தப்பில்லை, நாற்பது பேருக்குப் புதிது புதிதாக எங்கே போவார். விரல் விட்டு எண்ணிக்கொண்டு போய்க் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். ஒன்று, பேர். இரண்டு, கிழமை. மூன்று, மாதம். நான்கு, இது என்ன இடம். ஐந்து, எந்த மாவட்டம். ஆறு, மூன்று வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், யானை, குடை, தேங்காய். ஏழு, பேனாவையும் கடிகாரத்தையும் காட்டி இது என்ன என்பார். எட்டு, காகிதத்தை இரண்டாக மடிக்க வேண்டும். ஒன்பது, முன்னால் சொன்ன மூன்று வார்த்தை மறுபடியும். பத்து, இருபதிலிருந்து ஒன்று வரை தலைகீழாக எண்ண வேண்டும். கிழமை எப்போதும் செவ்வாய்தான், அது ஒரு வசதி. மாதம் மட்டும் மாறும்.

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு வருவேன். இரண்டு பஸ் மாற வேண்டும், பெண்களுக்குச் சீட்டு இலவசம். மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்துகொள்வோம், மூன்றேகாலிலிருந்து முக்கால் மணி நேரம். ஒரு கடலைமிட்டாயை ஒன்பது துண்டாக உடைத்து மடியில் வைத்துக்கொள்வேன். சரியாகச் சொன்னால் ஒரு துண்டு. ஒன்பதுதான், பத்தில்லை. முதல் கேள்வி பேர். மனுஷன் எதை மறந்தாலும் தன் பேரை மறப்பானா என்று விட்டுவிட்டேன். அதைச் சொல்லிக்கொடுப்பதென்றால் நான் சொல்ல வேண்டுமே.

நான் ஒரு நாளும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அவர் என்னைத் தினமும் சாயங்காலம் கடைக் கணக்கை ஒப்பிக்கச் சொல்வார். பத்துப் பைசா இடித்தாலும் மறுபடி முதலிலிருந்து. நான் ஐந்தாம் வகுப்புத்தான் படித்தது, எனக்குக் கணக்கு வந்தது அப்படி. அவர் எனக்குச் செய்ததைத்தான் நான் அவருக்குச் செய்தேன், இரண்டும் நல்லதுக்குத்தானே. சில நாள் அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். புரை ஆபரேஷன் செய்த கண். காற்றுப் பட்டால் அப்படி நிற்கும்.

ஜூலையில் பத்துக்கு ஒன்பது. சிஸ்டர் எல்லோரிடமும் சொன்னார். அவருக்கு முன்னேற்றம் என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மருமகள் என்னிடம் வந்து என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் வந்தது. அந்தத் தடவை அவருக்கு மூன்று தேறவில்லை. மாதம் ஒட்டவே இல்லை, கடிகாரத்தை மீட்டர் என்கிறார், காகிதத்தை மடிக்காமல் மடியில் வைத்துத் தடவுகிறார். முந்தின ஞாயிற்றுக்கிழமை வரை இதுதான் நிலவரம். மீதி ஆறும் பேரும் சேர்ந்தால் ஏழு. டாக்டர் எதிரில் உட்கார்ந்தோம்.

“ஐயா, உங்க பேர் என்ன?” என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுக்காத கேள்வி அது ஒன்றுதான். துண்டு கொடுக்காத கேள்வி. டாக்டர் இன்னொரு முறை கேட்டார். இவர் என்னையே பார்க்கிறார்.

அந்த டாக்டர் இரக்கமுள்ளவர், அதையும் சொல்ல வேண்டும். பேரைச் சொல்லாவிட்டால் பரவாயில்லை, வீட்டு ஆள் கூப்பிடட்டும், அடையாளம் தெரிந்து எழுந்தால் மார்க் கொடுத்துவிடலாம் என்றார். நான் ஏனுங்க என்று கூப்பிட்டேன். நாற்பத்துநான்கு வருஷமாக அந்த ஏனுங்கவுக்குத் திரும்பினவர். அசையவில்லை. அப்படி இல்லைம்மா, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க என்றார் டாக்டர்.

பேர் போனால் ஆறு. ஆறென்றால் இருபத்துமூவாயிரம். எனக்கு அதுதான் மனசில் ஓடியது. ஆயுசு குறையும் என்பதும் ஓடியது. கூப்பிட்டேன்.

இதை உங்களிடம் எப்படிச் சொல்வது. அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை, காதால் கேட்டதுதான். வெளி ஆட்கள் அவரை லைன்மேன் என்பார்கள், அண்ணன் என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒரே ஒரு ஆள், என் மாமியார். வாசலில் நின்றுகொண்டு கடைசி எழுத்தை இழுத்து, மேலே தூக்கி விடுவார், அரை மைல் கேட்கும். நான் வாயைத் திறந்ததும் அதே இழுப்பில் வந்துவிட்டது. நான் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கு வேறு மாதிரிக் கூப்பிடத் தெரியாது.

அவர் சட்டென்று எழுந்து நின்றார். முகமே மாறிவிட்டது.

“வந்துட்டேன் ஆத்தா” என்றார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே டிக் போட்டார். ஏழு.

மாமியார் செத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. எனக்குக் குழந்தை இல்லை என்று பத்து வருஷம் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர். இரண்டாவது கட்டி வைக்கிறேன் என்று பெண்கூடப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டுக்காரர் தாயார் பேச்சைத் தட்டாதவர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மறுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அந்தம்மா குரல் என் தொண்டையில் இருந்து வந்தது, அம்மணி. அதைத்தான் சொல்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஆத்தா என்று பேர். முதல் இரண்டு தடவை திருத்தினேன். நான் ஆத்தா இல்லீங்க, பாவாயிங்க என்றேன். அழுதார். பாவாயி யார் என்று கேட்கவில்லை, ஆத்தா எங்கே போய்விட்டாள் என்று கேட்டார். பிறகு திருத்துவதை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இருபத்துமூன்று வருஷம் பிள்ளைகள் என்னை ஆயா என்றார்கள். ஆத்தா என்று யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட ஆள் ஏது. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். சோற்றை உருண்டை பிடித்துக் கையில் கொடுத்தால் சீக்கிரம் சாப்பிடுகிறார், அதற்காக உருண்டை பிடித்துக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள், ஒரு வியாழக்கிழமை. வியாழன் நான் வருகிற நாள் இல்லை. பகல் இரண்டரை மணிக்குக் கூடத்திலிருந்து எழுந்து, திறந்திருந்த கதவு வழியாக நடந்து, சமையல்கட்டுப் பின்வாசலில் விழுந்துவிட்டார். இரண்டு படிதான். பாத்திரம் கழுவின ஈரம். இடுப்பு எலும்பு. கூடத்தில் இருந்த ஆள் அப்போது இன்னொருவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஆத்தா கூப்பிடறா என்று சொல்லிக்கொண்டே ஓடினார்மா என்று அந்த ஆள் என்னிடம் சொன்னார். நான் அன்றைக்குக் கவுந்தப்பாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நான் எங்கே கூப்பிட்டேன்?

செருப்பு, அம்மணி. அடி தேய்ந்த ரப்பர் செருப்பு. செப்டம்பரிலேயே புதுச் செருப்பு வாங்கி ஆபீசில் கொடுத்துவிட்டுப் போனேன், நூற்று நாற்பது ரூபாய், யாரும் மாற்றிவிடவில்லை. வந்து பார்த்தால் அலமாரியில் அட்டைப் பெட்டியோடு இருக்கிறது. இதை நான் சிஸ்டரிடமும் சொன்னேன், மேனேஜரிடமும் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் கார்டில் ஆபரேஷன். இருபத்தேழு நாள். திரும்பி வந்தபோது நேராக எட்டாம் கட்டில், கேள்வி இல்லாமல். முப்பத்தோராயிரம். நான் வீட்டை விற்கவில்லை. வாடகைக்கு விட்டேன், ஐயாயிரத்து எண்ணூறு. இங்கே சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், தங்க இடமும் சாப்பாடும் போக நான்காயிரத்து எண்ணூறு. இருபதாயிரத்து நானூறும் ஐயாயிரத்து எண்ணூறும் நான்காயிரத்து எண்ணூறும் கூட்டிப் பாருங்கள். முப்பத்தோராயிரம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் இரண்டாயிரம் அவருடைய டயப்பருக்கும் மாத்திரைக்கும். அன்றைக்கு ராத்திரிதான் ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நான் தூங்கினேன். ஆள் பக்கத்திலேயே இருக்கிறது, கம்பி இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது. அவர் எங்கேயும் ஓட முடியாது.

ஒன்றே ஒன்றுதான் சரியில்லை. சமையல்கட்டில் யாரையாவது கூப்பிட்டால் என் குரல் வருவதில்லை. காய் நறுக்க வருகிற பெண்ணைக் கூப்பிடுகிறேன், கடைசி எழுத்து நீண்டு மேலே போய்விடுகிறது. சிஸ்டர் தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் ஆட்களைக் கூப்பிடுவதில்லை, பக்கத்தில் போய்ச் சொல்கிறேன். உங்களிடம்கூட மெதுவாகத்தான் பேசுகிறேன், கவனித்திருப்பீர்கள்.

ஜனவரியில் கேள்வி கேட்கவில்லை, படுத்திருந்தார். மாசிக்குப் பிறகு எலும்பு கூடிவிட்டது. வாக்கர் வைத்து நான்கு அடி நடக்கிறார். எழுந்து உட்கார்ந்துவிட்டால் கேள்வி உண்டு, அதுதான் விதி. சரி, கேட்கட்டும், என்னைத் தெரியவில்லை, தன் பேர் தெரியவில்லை, ஒன்றும் வராது, நான்குக்குக் கீழேதான் என்று நினைத்தேன். பங்குனியில் ஒரு நாள் மருந்து வண்டி சத்தத்தோடு போகிறது, இவர் கண்ணை மூடிக்கொண்டே செவ்வாய்க்கிழமை என்கிறார். யாரும் கேட்கவில்லை. தட்டு விழுந்தால் யானை, குடை, தேங்காய் என்கிறார். காவலுக்கு இருக்கிற ஆட்களுக்குச் சிரிப்பு. தாத்தா, இன்னைக்கு ஞாயிறு தாத்தா என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை என்கிறார்.

நான் பயந்துபோய் டாக்டரிடமே போய்ச் சொல்லிவிட்டேன். போன வாரம் வேறு யாரையோ பார்க்க வந்திருந்தார், அப்போது. அவ்வளவும் நான் சொல்லிக்கொடுத்ததுங்க, அவருக்கு ஒன்றும் தெரியாதுங்க என்றேன். என் வாழ்நாளில் ஒரு டாக்டரிடம் இவ்வளவு வார்த்தை பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை.

“எல்லா வூட்லயும் சொல்லித்தான் குடுக்கறாங்கம்மா. சொல்லிக் குடுத்தா நிக்கறதில்லை. உங்க வீட்டுக்காரருக்கு நிக்குதில்ல, அப்ப மூளை வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு நல்லதுதானே பாவாயிம்மா, பதினாலாயிரத்து ஐந்நூறு மிச்சம், ஊருக்கே திரும்பிப் போயிடலாம் என்றார். மிச்சக் கணக்கு எனக்குத் தெரியாதா. கூடத்தில் கூடவே படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். ஆண்கள் கூடம், முடியாது என்றார்கள்.

இந்த ஒரு வாரமாகத் திருப்பிச் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டால் பேசக் கூடாது, சும்மா இருக்க வேண்டும் என்று. கடலைமிட்டாயைக் காட்டிக்கொண்டு சும்மா இருங்க என்கிறேன். மிட்டாயைக் கண்டதும் வருகிறதையெல்லாம் கடகடவென்று ஒப்பித்துவிட்டுக் கையை நீட்டுகிறார். கொடுக்காமல் இருந்தால், தப்பாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து ஒப்பிக்கிறார், இன்னும் சுத்தமாக.

இருங்கள். டாக்டர் இறங்கி வருகிறார். அந்த ஜன்னல்தான் எட்டாம் கட்டில். நான் உள்ளே போய் உட்காரலாம். போனால் என்னைப் பார்த்துப் பார்த்துச் சொல்வார், அதனால் இங்கேயே இருக்கிறேன். திறந்துதான் இருக்கிறது, கேட்கும், டாக்டர் பக்கம் தெரியும்.

பேர் கேட்கிறார். சத்தம் இல்லை. இன்னொரு தடவை கேட்கிறார். இல்லை. நல்லது.

செவ்வாய்க்கிழமை. கேட்டதா? ஒன்று.

மாதம்... அக்டோபர் என்கிறார். தப்பு. போன தடவை ஒட்டாதது இப்போது வந்து ஒட்டியிருக்கிறது பாருங்கள்.

இல்லம். இரண்டு. ஈரோடு மாவட்டம். மூன்று. இத்தோடு நிற்கட்டும். இத்தோடு நின்றால் கட்டில் அவருக்கு, அம்மணி, உங்களுக்கு இல்லை, தப்பாக நினைக்காதீர்கள்.

யானை, குடை, தேங்காய். நான்கு.

சரி. இனிமேல் கட்டில் உங்களுடையது. இனி இரண்டாம் லெவலா, கூடமா என்பதுதான். இரண்டாம் லெவல் என்றாலும் நாலு பேருக்கு ஓர் ஆள் உண்டு. பேனா. கடிகாரம். போன தடவை மீட்டர் என்றாரே, இப்போது கடிகாரம் என்கிறார். ஐந்து. காகிதம் கொடுக்கிறார்கள்... சத்தம் இல்லை. தடவிக்கொண்டிருப்பார். இல்லை, மடிக்கவில்லை, டாக்டரே எடுத்துக்கொண்டுவிட்டார். மறுபடி மூன்று வார்த்தை. ஆறு.

கடைசிக் கேள்வி. இருபதிலிருந்து. பதின்மூன்றில் தடுக்கும், இந்த வாரம் பல தடவை தடுத்தது, பதின்மூன்றுக்குப் பிறகு பதினொன்று என்றார். பதினெட்டு, பதினேழு.

நான் இங்கிருந்தே கூப்பிட்டால் நிறுத்திவிடுவார். பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டால் போதும், பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார், பாதியில் விட்டால் மார்க் இல்லை. ஆனால் எழுந்தால் ஓடி வருவார். ஆத்தா கூப்பிட்டால் வாக்கரை எடுக்க மாட்டார், படியைப் பார்க்க மாட்டார், போன தடவை மாதிரியே...

இல்லை. போன தடவை செருப்பு.

பதின்மூன்று. பன்னிரண்டு. தாண்டிவிட்டார். பன்னிரண்டு சொல்லிவிட்டார்.

ஐந்து. நான்கு. மூன்று.

ஏழு, அம்மணி. ஏழு வாங்கிவிட்டார். கூடத்துக்குத்தான்.

டாக்டர் எழுதிக்கொண்டு போகிறார். சிஸ்டர் இப்போது உங்களைத் தேடி வருவார். அந்தக் கட்டிலில் இடது பக்கக் கம்பி தானாகவே இறங்கிக்கொள்ளும், நான் துணியால் கட்டி வைத்திருக்கிறேன், அதை அவிழ்க்க விடாதீர்கள். வலது பக்கம் ஒன்றும் இல்லை, நன்றாக நிற்கும். அவர் துணிகளை எண்ணி எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும், சட்டை ஆறு, வேட்டி நான்கு, துண்டு மூன்று, ஸ்வெட்டர் ஒன்று.

கேட்கிறதா? ஒன்று வரை வந்துவிட்டு மறுபடி இருபதிலிருந்து தொடங்கியிருக்கிறார். எல்லோரும் போய்விட்டார்கள், தனியாக எண்ணிக்கொண்டிருக்கிறார். நான்தான் அப்படிப் பழக்கினேன், நான் நிறுத்தச் சொல்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது என்று. இதை நிறுத்த வேறு யாராலும் முடியாது. இங்கிருந்து சொல்லக் கூடாது, பக்கத்தில் போய்த்தான் சொல்ல வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருங்கள், நான் போய் நிறுத்திவிட்டு வருகிறேன்.